திருகோணமலையிலிருந்து கவுடுல்லைக்கு: ஒரு நாள் சஃபாரியில் விலங்குகளைப் படமெடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

கழற்றி மாற்றக்கூடிய லென்ஸ் உள்ள கமரா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, நண்பகலில் திருகோணமலையிலிருந்து புறப்பட்டு இரவுக்குள் வீடு திரும்ப நினைப்பவருக்காக இது எழுதப்படுகிறது. புதியவர்கள் பெரும்பாலும் கமராவை இயக்கத் தெரியாமல் தடுமாறுவதில்லை. யானைக்கூட்டம் கண்ணில் பட்ட பிறகு ஷட்டர் வேகத்தைத் தேடுவதாலும், ஜீப் நின்ற பிறகு வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பதாலும், வேலைகளின் ஒழுங்கு தலைகீழாகிவிடுவதாலேயே தடுமாறுகிறார்கள். ஆகவே கீழுள்ள படிகளை அதே வரிசையில் செய்வது நல்லது.

1. எந்தப் பூங்கா, எந்த மாதம் என்பதை முதலில் முடிவுசெய்தல்

திருகோணமலையிலிருந்து ஹபரணை வீதியில் போனால் மூன்று இடங்கள் ஒன்றுக்கொன்று அருகில் இருக்கின்றன. கல்லோயாப் பக்கத்தில் கவுடுல்லைத் தேசிய பூங்காவும், ஹபரணையைத் தாண்டிப் பொலன்னறுவை வீதியில் மின்னேரியாத் தேசிய பூங்காவும், ஹபரணைக்கு அருகிலேயே ஹுருளு சுற்றுச்சூழல் பூங்காவும் உள்ளன. நமக்கு மிகக் கிட்டியது கவுடுல்லை என்பதால் இந்த வழிகாட்டி அதை மனத்தில் வைத்தே எழுதப்பட்டாலும், மற்ற இரண்டுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் குளத்து நீர் வற்ற வற்ற, வெளிப்பட்ட படுகையில் பசும்புல் முளைக்கிறது. காடு காய்ந்து கிடக்கும் அந்நாட்களில் யானைகள் அந்தப் புல்லையும் நீரையும் தேடி வெளியே வருகின்றன. பொதுவாக யூலை முதல் ஒக்டோபர் வரை இதற்குரிய காலம். ஆனால் நாட்காட்டியைவிட நீர்மட்டத்தையே நம்ப வேண்டும். மொரகஹகந்தை நீர்த்தேக்கத்திலிருந்து மின்னேரியாக் குளத்துக்கு நீர் வந்து மட்டம் உயர்ந்துவிட்டால் புல்வெளி மூழ்கிவிடும். யானைகளும் வேறிடம் பார்த்துக்கொள்ளும். மழைக்காலத்தில் குளங்கள் நிரம்பியிருக்கும்போது ஹுருளுப் பக்கமே பலனளிக்கும்.

எனவே, போவதற்கு முதல் நாள் மாலை ஜீப் சாரதி ஒருவருக்குத் தொலைபேசியில் அழைத்து, அன்று மாலை யானைகள் எந்தக் குளத்தில் நின்றன என்று கேட்டுவிட வேண்டும். ‘யானை பார்க்கலாமா?’ என்று கேட்டால் ‘பார்க்கலாம்’ என்ற பதில்தான் எப்போதும் வரும். ‘இன்று எங்கே நின்றன, எத்தனை மணிக்கு வெளியே வந்தன?’ என்று கேட்டால்தான் பயனுள்ள பதில் கிடைக்கும்.

2. ஒரு கிழமைக்கு முன் பிரட்ரிக் கோட்டையில் பயிற்சி

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். திருகோணமலைக்காரருக்கு அது வீண் இழப்பு. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், கோட்டைக்குள் மரநிழலில் புள்ளிமான்கள் ஆட்களுக்குப் பயப்படாமல் நிற்கின்றன. காட்டில் ஒரே ஒரு முறை கிடைக்கும் வாய்ப்பை இங்கே விடியற்காலையில் எத்தனை தடவையும் ஒத்திகை பார்க்கலாம்.

ஒத்திகை பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது, கண்ணை கமராவிலிருந்து எடுக்காமலே ஷட்டர் வேகத்தையும் ஃபோகஸ் புள்ளியையும் மாற்றும் விரல்பழக்கம். இரண்டாவது, மானின் கண்ணில் ஃபோகஸ் புள்ளியை வைத்தல். கமராவின் விருப்பத்துக்கு விட்டால் அது தனக்கு மிக அருகிலுள்ள காதையோ கொம்பையோ பிடித்துக்கொள்ளும். மூன்றாவது, உட்கார்ந்தபடி எடுத்தல். நிறுத்தி வைத்த முச்சக்கரவண்டியின் பின்னிருக்கையிலிருந்து முழங்கையை ஊன்றி எடுத்துப் பழகினால், ஜீப்பில் உடம்பு தானாகவே அந்த நிலைக்கு வரும்.

மான்களுக்குத் தீனி காட்டி அருகே அழைக்க வேண்டாம். கையை நீட்டினால் மான் கையைத்தான் பார்க்கும்; படமும் அப்படியே இருக்கும். கோட்டைக்குள் இராணுவத்தின் பாவனையிலுள்ள கட்டடங்களின் பக்கம் கமராவைத் திருப்பாமல் இருப்பதும் அவசியம்.

3. பையில் இருக்க வேண்டியவை

யானைக்கூட்டத்துக்கு 70–300 அல்லது 100–400 மில்லிமீட்டர் லென்ஸ் போதுமானது. அதைவிட நீண்ட லென்ஸ் பறவைகளுக்கு உதவும். ஆனால் கூட்டம் ஜீப்புக்கு அருகில் வந்துவிட்டால் ஒரு யானையின் அரைமுகத்துக்கு மேல் அதில் அடங்காது. குளம், காடு, வானம் எல்லாம் சேர்ந்த அகலப் படத்துக்குக் கைத்தொலைபேசியே போதும். கைத்தொலைபேசியில் விரலால் பெரிதாக்கி யானையை எடுப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும். பெரும்பாலும் அது படத்தை வெட்டி ஊதிப்பெருக்குகிறதே தவிர, உண்மையில் எதையும் நெருக்கமாகக் கொண்டுவருவதில்லை.

முக்காலி ஜீப்புக்குள் விரிக்க முடியாத வெறும் சுமை. அதற்குப் பதிலாக ஒரு சிறிய துணிப்பையை வெறுமையாகக் கொண்டுபோய், வழியில் ஒரு கடையில் ஒன்றரைக் கிலோ பயறு வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். ஜீப்பின் பக்கக் கம்பியில் அதை வைத்து, அதன்மேல் லென்ஸைச் சாய்த்தால் கை நடுக்கம் பெருமளவு குறையும். வீடு திரும்பியதும் பயறு சமையலறைக்குப் போய்விடும்.

தூசிக்கு ஒரு பழைய தலையணை உறை வேண்டும். ஓடும் ஜீப்பில் கமராவை அதற்குள் வைத்து மடியில் வைத்துக்கொண்டால், முன்னால் போகும் வாகனம் கிளப்பும் புழுதி லென்ஸின் இடுக்குகளுக்குள் புகாது. பூங்காவுக்குள் லென்ஸை மாற்றுவது கூடவே கூடாது. உள்ளே விழுந்த ஒரு தூசி அன்றைய வானப் படங்கள் அனைத்திலும் கரும்புள்ளியாக நிற்கும். இவை தவிர, மேலதிக பற்றரி ஒன்று, வெறுமையான மெமரி கார்ட், குடிநீர், உள்நாட்டவருக்குரிய கட்டணத்தில் நுழைவுச்சீட்டு பெறுவதற்கான தேசிய அடையாள அட்டை ஆகியவை வேண்டும். தேசிய பூங்காவுக்குள் ட்ரோன் பறக்கவிடுவதற்குத் தடை உள்ளதால் அதை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும்.

4. முதல் நாள் இரவே கமராவைத் தயார்செய்தல்

கமராவை ஷட்டர் முன்னுரிமை நிலையில், அதாவது ஷட்டர் வேகத்தை நாம் தீர்மானிக்க மற்றதைக் கமரா பார்த்துக்கொள்ளும் நிலையில் வைப்பது புதியவருக்கு ஏற்றது. நிக்கொன், சோனி கமராக்களில் அது ‘எஸ்’ என்றும் கெனனில் ‘டிவி’ என்றும் குறிக்கப்பட்டிருக்கும். ஐஎஸ்ஓவை (ஒளிக்குக் கமரா காட்டும் உணர்திறனை) தானியங்கியாக விட்டு, அதன் மேல் எல்லையை 3200 அல்லது 6400 என்று வைத்துவிட்டால், அந்தி மங்கும்போது கமரா தானே ஈடுசெய்துகொள்ளும். மேயும் யானைக்கு 1/500 நொடி போதும். மண்ணை வாரி இறைக்கும் யானைக்கும் ஓடும் குட்டிக்கும் 1/1000. பறக்கும் பறவைக்கு 1/2000.

அசைவால் மங்கிய படத்தைவிட, ஐஎஸ்ஓ உயர்ந்து புள்ளி புள்ளியாகத் தெரியும் படம் மேல். புள்ளிகளைக் கணினியில் ஓரளவு குறைக்கலாம், அசைவை நீக்க முடியாது. ஐஎஸ்ஓ உயர்கிறதே என்று அஞ்சி 1/100 நொடியில் எடுத்துவிட்டு, லென்ஸ் சரியில்லை என்று குறைப்படுபவர்கள் இருக்கிறார்கள். லென்ஸிலுள்ள அதிர்வுத் தடுப்பு நம் கையின் ஆட்டத்தை மட்டுமே அடக்கும். யானையின் அசைவை அது அடக்காது.

ஃபோகஸை, அசையும் விலங்கைக் கமரா விடாமல் பின்தொடரும் தொடர்நிலையில், ஒற்றைப் புள்ளி அல்லது சிறிய வட்டத்தில் வைக்க வேண்டும். பரந்த வட்டத்தில் விட்டால் இடையில் நிற்கும் புல்லையோ சுள்ளியையோ கமரா பிடித்துக்கொள்ளும். கோப்பு, கமரா பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் ‘ரோ’ வடிவில் இருப்பது சிறந்தது. ஜேபெக்கில்தான் எடுப்பேன் என்பவர், படத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் வெண்சமநிலையைத் தானியங்கியில் விடாமல் ‘பகல் வெயில்’ என்று வைக்கட்டும். தானியங்கி, மாலை வெயிலின் மஞ்சளைப் பிழை என்று எண்ணி அழித்துவிடும். அந்த மஞ்சளுக்காகத்தானே இவ்வளவு தூரம் போகிறோம்.

5. புறப்படும் நேரமும் பயணமும்

யானைகள் காட்டிலிருந்து படுகைக்கு இறங்குவது பெரும்பாலும் பிற்பகலில்தான். திருகோணமலையிலிருந்து கந்தளாய் வழியாகக் கவுடுல்லை வாயிலுக்கு ஒன்றரை மணி நேரம் அளவில் எடுக்கும். நண்பகலில் கிளம்பி, வழியில் சாப்பிட்டு, இரண்டரை மணி அளவில் உள்ளே நுழைந்தால் போதுமானது. உச்சிவெயிலில் நுழைபவர்கள் ஒரு விடயத்தில் ஏமாறுவார்கள்: சூடான நிலத்திலிருந்து எழும் கானல், தூரத்து யானையின் விளிம்புகளை அலையவைக்கும். அதை எந்த லென்ஸாலும் கூர்மையாக எடுக்க முடியாது.

குளிரூட்டிய வாகனத்தில் போகிறவர்கள், இறங்குவதற்கு இருபது நிமிடங்களுக்கு முன்பே குளிரூட்டியை நிறுத்திவிட வேண்டும், அல்லது இறங்கிய பிறகும் கமரா வெளிச்சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்காமல் வைத்திருக்க வேண்டும். குளிர்ந்த கண்ணாடி வெளிக்காற்றைச் சந்தித்தால் பனித்துப்போகும். துடைக்கத் துடைக்க மறுபடி பனிக்கும். முதல் அரைமணி நேரம் அதிலேயே போய்விடும்.

6. ஜீப் ஏறும் முன் சாரதியுடன் பேசி முடித்தல்

ஜீப் நகரத் தொடங்கிய பிறகு பேசுவது பயனற்றது. சாரதி வழக்கமான பயணிகளுக்குச் செய்வதையே நமக்கும் செய்வார்: யானையைக் கண்டதும் விரைந்து நெருங்குவார், ஐந்து நிமிடம் நிற்பார், அடுத்த கூட்டத்துக்குப் பறப்பார். அவர் மீது தவறில்லை. பலர் கேட்பது அதைத்தான். நமக்கு வேண்டியது வேறு என்பதை வாயிலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சொல்ல வேண்டியவை இவை: நாங்கள் நெருங்க அவசரப்படவில்லை, ஒரே இடத்தில் அரைமணி நேரம் நின்றாலும் சம்மதம், நின்றவுடன் எஞ்ஜினை நிறுத்திவிடுங்கள், வெயில் எங்கள் முதுகில் விழும்படி நிறுத்துங்கள். எஞ்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் ஜீப்பின் உடம்பு முழுவதும் நடுங்கும். பயறுப் பைகூட அந்த நடுக்கத்தை முழுதாக அடக்காது.

சிங்களம் பழக்கமில்லாதவர் ‘நவத்தன்ன’ என்று நிறுத்தவும், ‘டிக்கக் இஸ்ஸரஹட்ட’ என்று சற்று முன்னே நகர்த்தவும், ‘டிக்கக் பஸ்ஸட்ட’ என்று சற்றுப் பின்னே எடுக்கவும் கேட்டுக்கொள்ளலாம். இரண்டு மீற்றர் நகர்ந்தாலே யானையின் பின்னால் தெரியும் அடுத்த ஜீப் மறைந்துவிடுவது உண்டு என்பதால், அன்று மாலை அதிகம் பாவிக்கப்போவது இந்தச் சொற்களைத்தான்.

ஒரு ஜீப்பில் கமராவுடன் நால்வருக்கு மேல் ஏற வேண்டாம். ஒருவர் எழுந்தாலே எல்லாருடைய படமும் ஆடும். ‘யாரும் அசையாதீர்கள்’ என்பதை உறவினர்களிடம்கூட முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

7. உள்ளே நுழைந்த முதல் அரைமணி நேரம்

வாயிலிலிருந்து குளம்வரை உள்ள காட்டுப்பாதையில் மயில், முசு, உடும்பு, புள்ளிமான், சில வேளைகளில் மரை தென்படும். இவற்றை அரிய படங்களுக்காக அல்லாமல் கமராவைச் சரிபார்ப்பதற்காக எடுங்கள். திரையில் படத்தை முழு அளவுக்குப் பெருப்பித்துக் கண் கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். நிழல் அடர்ந்த பாதையில் செய்த மாற்றங்களைத் திறந்த வெளிக்கு வந்ததும் பழையபடி வைக்க மறந்துவிடுவது மிகச் சாதாரணமாக நேரும் பிழை. ஆகவே மரங்கள் முடிந்து குளம் தெரியும் இடத்தில் ஒரு தடவை எல்லா எண்களையும் பார்த்துவிட வேண்டும்.

8. எங்கே நிற்பது

அன்றைய படங்கள் எப்படி அமையும் என்பதை மற்ற எதையும்விட இந்தப் படியே தீர்மானிக்கிறது. கூட்டத்தைக் கண்டதும் படமெடுக்கத் தொடங்காமல், ஒரு நிமிடம் வெறுங்கண்ணால் பார்த்து மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். வெயில் எங்கிருந்து விழுகிறது? கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது? அவற்றின் பின்னால் என்ன இருக்கிறது?

யானைகள் மேய்ந்துகொண்டே மெல்ல ஒரு திசையில் நகர்பவை. அந்தத் திசை பெரும்பாலும் நீரை நோக்கியோ காட்டை நோக்கியோ இருக்கும். பின்னாலிருந்து துரத்துபவருக்கு வாலும் பின்னங்கால்களுமே கிடைக்கும். கூட்டம் போகப்போகும் வழிக்கு முன்னால், ஆனால் அந்த வழியைவிட்டு நன்றாக விலகி, பக்கவாட்டில் போய் நின்றுகொண்டால், அவை தாமாகவே நம்மை நோக்கி வரும். அப்போது முகம், காதுகளின் இளஞ்சிவப்புப் புள்ளிகள், தாயின் கால்களுக்கிடையில் வரும் குட்டி எல்லாம் கிடைக்கும். வழியின் நடுவில் நிற்பது மட்டும் கூடாது. நீருக்கோ காட்டுக்கோ போகும் பாதையை ஜீப்புகள் அடைத்துவிட்டால், கூட்டம் குட்டிகளை நடுவில் விட்டு இறுகிக்கொள்ளும். அதன்பின் படமாக எதுவும் தேறாது.

ஜீப் யானைகளுக்குப் பக்கவாட்டாக நிற்க வேண்டும். அப்படி நின்றால் ஒரு பக்கத்து இருக்கைகள் முழுவதற்கும் பார்வை கிடைக்கும்; தேவைப்பட்டால் சாரதி பின்னெடுக்காமல் முன்னோக்கியே விலகிச் செல்லவும் முடியும்.

நின்ற பிறகு எழுந்து நிற்காதீர்கள். திறந்த கூரை வழியாக எழுந்து எடுப்பதைத்தான் ஏறக்குறைய எல்லாரும் செய்கிறார்கள். உயரத்திலிருந்து எடுத்தால் யானையின் முதுகும் தரையும் மட்டுமே தெரிந்து, பெரிய விலங்கு சிறியதாகிவிடும். இருக்கையில் அமர்ந்து, பக்கக் கம்பியின் மேல் லென்ஸை வைத்து எடுத்தால், யானையின் பின்னால் காட்டின் கருநிறக் கோடு வந்து நிற்கும். அதன் உருவமும் எழும்பித் தெரியும். புல் உயரமாக வளர்ந்து கால்களை முழுதாக மறைக்கும் இடங்களில் மட்டும் எழுந்து நிற்கலாம்.

9. மேயும் யானையை எடுத்தல்

குட்டைப் புல்லை மேயும் யானையின் செயலில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முன்காலின் நகங்களால் புல்லை உதைத்துப் பெயர்க்கிறது. துதிக்கையால் கூட்டிச் சேர்க்கிறது. பிடியாகச் சுருட்டி எடுத்து, மண் உதிர்வதற்காக முன்காலில் அடிக்கிறது. பிறகு வாயில் வைக்கிறது. அடிக்கும் அந்தக் கணத்தில், முழங்காலருகில் ஒரு சிறு புழுதிப்புகை எழும். முழுச் சுற்றையும் மூன்று நான்கு தடவை படமெடுக்காமல் பார்த்தால் அடுத்த அடி எப்போது விழும் என்பது கைக்குத் தெரிந்துவிடும். அதற்குச் சற்று முன் பொத்தானை அழுத்தி ஐந்தாறு தொடர்படங்களாக எடுக்க வேண்டும். கண்டபடி தொடர்ச்சியாக அழுத்திக்கொண்டே இருந்தால், முக்கியமான கணத்தில் கமரா முன்னைய படங்களைப் பதிந்துகொண்டு மூச்சுத்திணறி நிற்கும்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, கமரா எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும் என்பதை நினைவில் வைத்தால் போதும். கருத்த யானை படச்சட்டம் முழுவதையும் நிரப்பினால் கமரா தேவைக்கு மேல் வெளிச்சம் விட்டு அதன் தோலை வெளிறச் செய்யும். அப்போது ஒளி ஈட்டை, அதாவது கமரா தேர்ந்த வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ நாம் வைக்கும் அளவை, -0.7 அளவில் குறைக்க வேண்டும். அதன் முதுகில் உண்ணிக்கொக்கு வந்து அமர்ந்தால் -1 வரை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் கொக்கு இறகு ஒன்றுகூடத் தெரியாத வெண்திட்டாகிவிடும். மாறாக, சட்டத்தின் பெரும்பகுதி ஒளிரும் வானமாகவோ நீராகவோ இருந்தால் +0.7 வரை கூட்ட வேண்டும்.

கொம்பன்களையே தேடி அலைய வேண்டாம். இலங்கை யானைகளில் ஆண்களிலும் மிகச் சிலவற்றுக்கே தந்தம் உண்டு. தந்தமில்லாத ஆண்களான அலியன்களையும் பெண்யானைகளையும் விட்டுவிட்டு ஒரு கொம்பனைத் துரத்தினால் நல்ல மாலை வெளிச்சம் வீதியிலேயே கழிந்துவிடும். நீரோரத்தில் கூழைக்கடாக்களும் நாரைகளும் எருமைகளும் இருக்கும். யானைகள் அசையாமல் நிற்கும் நேரத்தில் அவற்றுக்குத் திரும்பலாம்.

10. கமராவைத் தாழ்த்த வேண்டிய நேரம்

யானை மேய்ச்சலை நிறுத்தி, தலையை உயர்த்தி, காதுகளை விரித்து அசையாமல் நம்மை நோக்கினால், அது நாம் தேடிய ‘கம்பீரமான படம்’ என்று எண்ணிவிடக் கூடாது. நாம் அதிகம் நெருங்கிவிட்டோம் என்பதே அதன் பொருள். வால் விறைத்து நிற்பதும், முன்காலை ஊஞ்சலாக ஆட்டுவதும், நம் பக்கமாக மண்ணை வீசுவதும் அவ்வாறே. ஆண் யானையின் கண்ணுக்கும் காதுக்கும் இடையில் மதநீர் வழிந்த ஈரக்கோடு தெரிந்தால், வேறு எந்த அறிகுறிக்கும் காத்திராமல் விலகிச் செல்லும்படி சாரதியிடம் சொல்ல வேண்டும். அந்த நிலையில் நாம் பேசாமல் உட்கார்ந்திருப்பதே அவருக்குச் செய்யும் உதவி.

ஃபிளாஷ் எந்த நேரத்திலும் வேண்டாம். ஜீப்பிலிருந்து இறங்குவது விதிப்படியும் தடை. கீழே விழுந்த லென்ஸ் மூடிக்காகவும் இறங்கக் கூடாது.

11. கடைசி அரைமணி நேரம்

பூங்காவிலிருந்து ஆறு மணிக்குள் வெளியேற வேண்டும். ஒகஸ்ட் நடுப்பகுதியில் சூரியன் மறைவது 6.20 அளவில், ஒக்டோபர் நடுப்பகுதியில் 5.45ஐ ஒட்டி. ஆகவே செவ்வொளியை எதிர்பார்த்துப் போகிறவர் ஒகஸ்டில் ஏமாறக்கூடும். செப்டெம்பர் பிற்பகுதியும் ஒக்டோபர் தொடக்கமும் அதற்கு ஏற்றவை, மாலை இடிமழை குறுக்கிடாவிட்டால்.

இதுவரை முதுகில் வாங்கிய வெயிலை இப்போது முகத்தில் வாங்க வேண்டும். ஐந்து மணிக்குப் பிறகு ஜீப்பைக் கூட்டத்தின் கிழக்குப் பக்கத்துக்குக் கொண்டுபோய் மேற்கு நோக்கி எடுத்தால், யானையின் விளிம்பு ரோமமும் காற்றில் மிதக்கும் புழுதியும் பொன்னிறத்தில் ஒளிரும். ஒளி ஈட்டை -1 அளவில் வைத்து, ஃபோகஸ் புள்ளியை உடலின் விளிம்பில் வைக்க வேண்டும். கருநிழலான பக்கத்தில் வைத்தால் கமரா பிடிமானம் இல்லாமல் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். லென்ஸின் முன்னால் மலிவான பாதுகாப்புக் கண்ணாடி பூட்டியிருந்தால் இந்த நேரத்தில் கழற்றிவிடுங்கள். எதிர்வெயிலில் அது படம் முழுவதும் வெண்திரை போட்டுவிடும்.

12. திரும்பும் வழியும் அன்றிரவும்

ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இருட்டிய பிறகு யானைகள் வீதியைக் கடக்கும். வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். வீதியில் நிற்கும் யானையை வாகன விளக்கில் படமெடுக்க நிறுத்தாதீர்கள்.

திரும்பும் வழியில் களைப்போடு கமராத் திரையைப் பார்த்துப் படங்களை அழிப்பது கூடாத பழக்கம். சிறு திரையில் எல்லாம் கூர்மையாகவே தெரியும், எல்லாம் இருட்டாகவும் தெரியும். இரவில் கார்டை முதலில் கணினிக்கும் பிறகு வேறொரு வட்டுக்கும் பிரதிசெய்துவிட்டு, மறுநாள் பெரிய திரையில், கண் கூர்மையாக இல்லாதவற்றை முதலில் ஒதுக்குங்கள். லென்ஸின் வெளிப்புறத் தூசியைத் துணியால் தேய்க்காமல் முதலில் ஊதும் பந்தால் அகற்றுங்கள்; படுகைப் புழுதியில் மணல் கலந்திருப்பதால் தேய்த்தால் கீறல் விழும். கொம்பன் யானையின் படத்தை முகநூலில் இடுவதானால், கோப்பில் பதிந்திருக்கும் இடக்குறிப்பை நீக்கிவிட்டு இடுங்கள். தந்தத்துக்காக யானை தேடுபவர்களும் அந்தப் படங்களைப் பார்க்கிறார்கள்.